படியாள் என்ற ஒரு சொல்

பொருளாதார நிபுணர்கள் நிறைந்த அரங்கில் பழைய கிராம ஆய்வுகளைப் பற்றி முதன்முறை பேசப் போனபோது, அவற்றைத் தொடங்கிவைத்தவரின் வாழ்க்கையிலிருந்து ஆரம்பித்தேன். கில்பர்ட் ஸ்லேட்டர் ஆக்ஸ்போர்டு ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர். பத்து நிமிடத்தில் பாதிப் பேர் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். முடிந்ததும் ஒருவர் மரியாதையாகவே கேட்டார்: “நல்லா இருந்தது மேடம். ஆனா இதை வச்சு நான் என்ன செய்யறது?”

நியாயமான கேள்வி. பல நாள் மனசில் கிடந்தது.

அடுத்த முறை ஸ்லேட்டரைத் தள்ளி வைத்துவிட்டு, விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டிலிருந்து தொடங்கினேன். 1916இல் மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, அவரவர் ஊரைப் பற்றி எழுதிவரச் சொன்னார் அவர். 1918இல் அவர்கள் எழுதியவை புத்தகமாயின. அதில் இருவேல்பட்டு ‘எருவெல்லிபெட்’ என்று அச்சாகியிருக்கும். அந்தப் பக்கத்தில் ஒரு சொல் வருகிறது: படியாள். கூலியாகத் தானியத்தைப் படியால் அளந்து வாங்குகிறவர். நிலக்காரரிடம் அவர் வாங்கிய கடன் அடைவதே இல்லை. மகன் தலையில் இறங்கும். நிலம் கை மாறினால் ஆளும் கூடவே மாறுவார்.

அரங்கில் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கடனும் வேலையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதை, பொருளாதார அறிஞர் அமித் பாதுரியின் 1973 கட்டுரை தொடங்கி, அவர்கள் சமன்பாடுகளில் படித்தவர்கள். அந்தச் சமன்பாட்டுக்குள் இருக்கும் மனிதரை இந்தப் பக்கத்தில்தான் பார்த்தார்கள்.

அதே ஊருக்கு ஆய்வாளர்கள் 1936–37இல் போனார்கள், 1961இல் போனார்கள், 1980களின் தொடக்கத்தில் குகனும் ஜோன் மென்ச்சரும் அதைப் பற்றி எழுதினார்கள், 2008இலும் ஒரு குழு போனது. இதைச் சொன்னதும், “அப்படின்னா தொண்ணூறு வருஷத் தரவு இருக்கு!” என்று ஒரு குரல்.

இங்கேதான் எங்கள் வரலாற்றுத் துறைக்கு வேலை இருக்கிறது. இந்த அட்டவணைகளை அப்படியே ஒட்டவைத்து ஒரு கோடு போட முடியாது. தானியம் அளக்கும் மரக்கால் ஊருக்கு ஊர் வேறு அளவு; நெல்லாகக் கொடுத்த கூலியை எந்த மாத விலையில் ரூபாயாக மாற்றினார்கள்? சொந்த ஊரையே எழுதிய மாணவர் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார், எந்தத் தெருவுக்குள் கால் வைக்கவே இல்லை? ஒவ்வொரு முறையும் ஆட்கள் வேறு, கேள்வியும் வேறு. எண்ணுக்குப் பின்னால் கேள்வி கேட்டவர் நிற்கிறார். அவரைத் தெரியாமல் எண்ணை எடுத்தால் கணக்கே பிசகும். இதை நான் வரலாற்றுக்காரியாகச் சொல்லவில்லை, கணக்கைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அன்று தேநீர் நேரத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவி மடிக்கணினியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “படியாளோட மனைவியும் வேலை செஞ்சிருப்பாங்களே மேடம். அவங்க கூலி எந்தக் கட்டத்துல இருக்கு?”

புத்தகத்தைப் பிரித்து இருவருக்கும் நடுவில் வைத்தேன்.