ஜெர்மனி ரயிலில் ஏறும் முன்

பிள்ளைகளைப் பார்க்கவும் ஊர் சுற்றவும் ஜெர்மனி செல்லும் நம் குடும்பங்களுக்கு முதல் வியப்பு ரயில் நிலையத்தில்தான். சென்னை மெட்ரோவில் அட்டையைக் காட்டினால்தான் கதவு திறக்கும். அங்கே சுரங்க ரயிலுக்குக்கூடக் கதவு கிடையாது. நேராக நடந்து ஏறிவிடலாம். பயணி டிக்கெட் வாங்கியிருப்பார் என்று நம்பி விட்டிருக்கிறார்கள். நம் வழக்கில் சொன்னால் அமானிதம். ஆனால் சாதாரண உடையில் பரிசோதகர்கள் ஏறுவார்கள். செல்லுபடியாகும் டிக்கெட் இல்லையென்றால் ஆளுக்கு 60 யூரோ அபராதம்.

நாம் அறிந்த ஒரு குடும்பம் டிக்கெட் வாங்கியும் மாட்டிக்கொண்டது. பெர்லின், மியூனிக் போன்ற நகரங்களில், இயந்திரத்தில் எடுக்கும் காகித டிக்கெட்டை நடைமேடையிலுள்ள சிறிய பெட்டியில் நுழைத்து நேரம் பதிக்க வேண்டும். பதிக்காவிட்டால் அதையே நாளையும் பயன்படுத்த முடியுமே! 'தெரியாது' என்றார்கள், எடுபடவில்லை. நான்கு பேர், 240 யூரோ. எல்லா ஊரிலும் இந்த விதி இல்லை. டிக்கெட்டில் 'என்ட்வெர்டன்' என்ற சொல் இருந்தால் முத்திரை தேவை என்று அர்த்தம். இதை வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

அடுத்தது, எந்த ரயில் என்பது. ஐசிஇ, ஐசி இரண்டும் தூரப் பயணத்துக்கான விரைவு ரயில்கள். ஆர்இ, ஆர்பி, எஸ்-பான் ஆகியவை வட்டார ரயில்கள். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கிய 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' 2025இல் 58 ஆகி, 2026இல் 63 யூரோ ஆகிவிட்டது. நாடு முழுவதும் வட்டார ரயில், டிராம், பேருந்து எல்லாவற்றுக்கும் மாதம் முழுவதும் அது செல்லும். விரைவு ரயிலில் செல்லாது. அது சந்தா முறை. மாதத்தின் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போய்விடும். ஊர் திரும்பிய பிறகு வங்கிக் கணக்கைப் பார்த்து அதிர்ச்சியடைபவர்கள் உண்டு.

ஓரிரு நாள் சுற்றும் குடும்பத்துக்கு மாநில டிக்கெட்டே மேல். உதாரணமாக பவேரியாவின் 'பயர்ன் டிக்கெட்'டில் ஐந்து பேர் வரை சேர்ந்து செல்லலாம். வார நாட்களில் காலை 9 மணி முதல் மறுநாள் அதிகாலை 3 மணி வரை செல்லும். மியூனிக்கிலிருந்து நியூஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு அருகிலுள்ள ஃபூசனுக்கும், எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்குக்கும் இதிலேயே போகலாம். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை.

சில ரயில்கள் வழியில் இரண்டாகப் பிரியும். பெர்லினிலிருந்து மேற்கே செல்லும் ஐசிஇ ரயில்களில் சில ஹாம் நிலையத்தில் பிரிந்து, ஒரு பாதி கொலோனுக்கும் மறு பாதி டுசல்டார்ஃபுக்கும் போகும். எனவே ரயில் பெயரைப் பார்த்தால் போதாது, பெட்டியில் காட்டும் ஊர்ப்பெயரையும் பாருங்கள். குடும்பம் முழுவதும் ஒரே பாதியில் ஏறுங்கள்.