பங்கு கேட்கும் பக்கங்கள்

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு பாட்டியம்மா கடிதம் எழுதியிருக்கிறார். பேரனுக்கு மூன்று வயது. மிட்டாய் கைக்கு வந்துவிட்டால் பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு ஒரு துண்டுகூடத் தரமாட்டானாம். கேட்டால் முதுகைக் காட்டிக்கொண்டு மூலையில் நின்று தின்கிறானாம். பகிர்ந்து தின்னச் சொல்லித்தருகிற படப்புத்தகம் தமிழில் உண்டா என்று கேட்கிறார். 1842 முதல் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை இருக்கும் ஊர் நெல்லிக்குப்பம். 1914 முதல் அங்கே மிட்டாயும் தயாரானது. இந்தக் கேள்வி அந்த ஊரிலிருந்து வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

முதலில் பேரன் பக்கம் நின்று ஒரு வார்த்தை. சுவிட்சர்லாந்தில் எர்ன்ஸ்ட் ஃபேரும் அவருடைய கூட்டாளிகளும் மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளை மிட்டாய் வைத்தே சோதித்துப் பார்த்து, 2008-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். உனக்கு ஒன்று, எதிரில் இல்லாத இன்னொரு பிள்ளைக்கு ஒன்று; அல்லது இரண்டும் உனக்கே. எது வேண்டும் என்று கேட்டார்கள். மூன்று, நான்கு வயதில் ஆளுக்கு ஒன்று என்றவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஏழெட்டு வயதில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அப்படிச் சொன்னார்கள். ஆகவே பேரனிடம் குறை ஒன்றும் இல்லை, வயது அப்படி.

ஆனால் அந்த வயதிலும் பிள்ளைகள் மனதாரக் கொடுக்கிற நேரம் உண்டு. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் 2011-இல் அதைக் காட்டினார்கள். இரண்டு பிள்ளைகள் சேர்ந்து கயிற்றை இழுத்தால் கோலிக்குண்டு உருண்டு வரும். ஒருவருக்கு மூன்று, மற்றவருக்கு ஒன்று என்று ஏறுமாறாகத்தான் விழும். சேர்ந்து இழுத்துக் கிடைத்தபோது மூன்று வயதுப் பிள்ளைகள் பலரும் தங்கள் மூன்றில் ஒன்றைத் தள்ளிக் கொடுத்துச் சமமாக்கினார்கள். பாடுபடாமல் சும்மா கிடைத்தபோது அப்படிக் கொடுப்பது குறைந்தது. கரும்பு டிராக்டரின் பின்னால் கூட்டமாக ஓடி ஒரு கழியை உருவிய பிள்ளைகளிடமும் இதே நியாயத்தைப் பார்க்கலாம். முழங்காலில் வைத்து ஒடித்து ஆளுக்கொரு துண்டு. ஒரே கமர்கட்டு என்றால் சட்டை நுனியில் சுற்றிக் காக்காக்கடி.

இனி புத்தகத்துக்கு வருகிறேன். பகிர்தலைச் சொல்லும் படப்புத்தகம் படித்தால் பிள்ளை பகிருமா? கனடாவின் டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் நிக்கோல் லார்சன், காங் லீ, பட்ரீசியா கேனியா மூவரும் நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். படித்த நாளிலிருந்து இந்த ஆய்வு என்னை விட்டுப் போகவே இல்லை.

பிள்ளைக்குப் பிடித்த பத்து ஸ்டிக்கர்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஸ்டிக்கர் கிடைக்காத இன்னொரு பிள்ளைக்கு விருப்பமிருந்தால் கொஞ்சம் ஒதுக்கலாம் என்றார்கள். எத்தனை ஒதுக்கினார்கள் என்பதைப் புத்தகம் படிக்கும் முன்னும் பின்னும் எண்ணினார்கள். சில பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டிய புத்தகத்தில் பகிரக் கற்றுக்கொள்வது ரக்கூன் குட்டி. கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை உள்ள அமெரிக்கப் பிராணி அது. சட்டை போட்டுக்கொண்டு பேசும். வேறு சில பிள்ளைகளுக்கு அதே கதை, அதே நிகழ்ச்சிகள், ஆனால் ரக்கூன்களின் இடத்தில் மனிதக் குழந்தைகளின் படம். மூன்றாவது கூட்டத்துக்குப் பகிர்தலோடு தொடர்பில்லாத, விதைகளைப் பற்றிய புத்தகம்.

மனிதக் குழந்தைகளைப் பார்த்த பிள்ளைகள் முன்பைவிட அதிகம் கொடுத்தார்கள். ரக்கூன் கதை கேட்டவர்களோ விதைப் புத்தகம் கேட்டவர்களைப் போலவே முன்பைவிடக் குறைவாகக் கொடுத்தார்கள்! கதை ஒன்றுதான், அது சொல்லும் நீதியும் ஒன்றுதான். மாறியது முகம் மட்டும்.

பஞ்சதந்திரத்திலும் வடை சுட்ட பாட்டி கதையிலும் வளர்ந்த நமக்கு இது தூக்கிவாரிப் போடுகிற செய்தி. இதை வைத்துக்கொண்டு நரியையும் காக்கையையும் வீட்டைவிட்டு விரட்டச் சொல்லவில்லை. இது ஓர் ஆய்வு, அளந்தது ஸ்டிக்கரை. தவிர, விலங்குகளும் மனிதர் மாதிரியே நினைக்கும், நடக்கும் என்று நம்பிய பிள்ளைகள் ரக்கூன் கதை கேட்ட பிறகும் அதிகம் கொடுத்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு ரக்கூனின் குணம் ரக்கூனோடு நின்றுவிட்டது. காக்கை கதை சந்தோஷத்துக்கு. அதைத் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் பகிர்தல் பிள்ளையின் கைக்கு வர வேண்டுமானால், தன்னைப் போன்ற ஒரு பிள்ளையின் கையைப் படத்தில் பார்க்க வேண்டும். நம் கடைகளில் குழந்தைகளுக்கென்று அடுக்கியிருக்கும் புத்தகங்களில் பனிக்கரடியும் கங்காருவும் கேக் வெட்டிப் பங்கு வைக்கின்றன. பரங்கிப்பேட்டையிலோ கிள்ளையிலோ வளரும் பிள்ளையின் முகமும், அது தின்கிற தேன்மிட்டாயும் அவற்றில் இல்லை. இதை ஒரு குறையாகப் பதிப்பாளர்கள் உணர வேண்டும் என்பது என் கோரிக்கை.

முகம் சரியாக அமைந்த ஒரு புத்தகத்தைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்து 1986-இல் வந்த ‘தி டோர்பெல் ராங்’. அம்மா பன்னிரண்டு பிஸ்கட் சுட்டுத் தருகிறார். வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கு ஆறு. வாய்க்குக் கொண்டுபோகும்போது அழைப்பு மணி அடிக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் வருகிறார்கள். ஆளுக்கு மூன்று. மறுபடி மணி, இன்னும் இருவர், ஆளுக்கு இரண்டு. மறுபடி மணி, ஆறு பேர், ஆளுக்கு ஒன்றே ஒன்று. அப்புறமும் மணி அடிக்கிறது. இப்போது தட்டில் இருப்பதை எல்லாம் அவசரமாகத் தின்றுவிடலாமா, கதவைத் திறக்கலாமா? பிள்ளைகள் திறக்கிறார்கள். வாசலில், தட்டு நிறைய பிஸ்கட்டோடு பாட்டி.

பன்னிரண்டை இரண்டு, நான்கு, ஆறு, பன்னிரண்டு பேருக்கு வகுக்கும் கணக்கு அடியில் ஓடுவதால் பள்ளி ஆசிரியர்களுக்கும் இந்தப் புத்தகம் பிரியமானது. ஆனால் படப்புத்தகம் என்ற கருவி எப்படி இயங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. அச்சகத்தில் தாளைப் பதினாறு பக்கம் கொண்ட ஃபாரமாக மடிப்பார்கள். இரண்டு ஃபாரம் சேர்ந்தால் முப்பத்திரண்டு பக்கம், உலகமெங்கும் படப்புத்தகத்தின் வழக்கமான அளவு. தலைப்புப் பக்கம் முதலியவை போகக் கதைக்குக் கிடைப்பது பன்னிரண்டு, பதின்மூன்று விரிப்புகள்தான். அத்தனை முறைதான் பக்கம் புரளும். ஆக, புரளும் ஒவ்வொரு முறையும் எதை மறைத்து எதைக் காட்டுவது என்பதில்தான் ஓவியரின் திறமை. ஹட்சின்ஸ் மணியை இந்தப் பக்கத்தில் அடிக்கவிட்டு, வந்தவரைத் தாளின் மறுபுறம் நிற்க வைத்துவிட்டார். சிதம்பரத்தில் ரகசியத்தின் திரை விலகும்முன் கூட்டம் முழுவதும் ஒரு நொடி மூச்சுப் பிடித்து நிற்குமே, தாளின் ஓரத்தில் விரல் வைத்திருக்கும் பிள்ளையும் அப்படித்தான் நிற்கிறது. யார் வந்திருப்பார்கள், எனக்கு எத்தனை மிஞ்சும் என்று அந்த நொடியில் அது தானே யோசிக்கிறது. பெரியவர்கள் ஆயிரம் முறை “கொடு, கொடு” என்றாலும் நடக்காத யோசனை.

அந்த நொடியைத்தான் நாம் கெடுக்கிறோம். கைப்பேசியில் படத்தைச் சரசரவென்று தள்ளிக்கொண்டே போகிறோம். புத்தகமாக இருந்தாலோ, படித்து முடித்த கையோடு “இதனால் என்ன தெரிகிறது? நீயும் பகிர்ந்து சாப்பிட வேண்டும்” என்று சேர்த்துவிடுகிறோம். பாட்டி தட்டோடு வந்து நின்ற மகிழ்ச்சி அத்தோடு அணைந்துபோகிறது.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். தமிழில் படப்புத்தகமே இல்லாத காலம் போய்விட்டது. சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் புத்தகங்கள் போடுகிறது. 2004-இல் தொடங்கிய பிரதம் புக்ஸ், 2015-இல் ஸ்டோரிவீவர் என்ற தளத்தைத் திறந்தது. அதில் தமிழ்ப் படக்கதைகளை யாரும் காசில்லாமல் இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் 2023-இல் நுழை, நட, ஓடு, பற என்று படிவாரியாகச் சிறு புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. புத்தகம் வந்தும், பள்ளியோ அங்கன்வாடியோ, பல இடங்களில் அது பீரோவுக்குள் இருக்கிறது. கிழிந்துவிடும், கணக்குக் காட்ட வேண்டும் என்ற பயம். பயப்படுகிற ஊழியரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கிழிந்த புத்தகத்துக்கு அவரிடம் விளக்கம் கேட்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளை புத்தகத்தை முதலில் வாயில் வைக்கும், பிறகு கிழிக்கும், அதற்கு அப்புறம்தான் படிக்கும். கிழிந்து தீர்ந்தது என்று ஓர் அங்கன்வாடி மையம் மறுபடி புத்தகம் கேட்டால், அதைவிட நல்ல செய்தி அதை நடத்தும் துறைக்கு வராது.

பகிர்தலுக்குக் கதை தேடி இங்கிலாந்துக்குப் போக வேண்டிய மாவட்டமும் இல்லை நம் கடலூர். 1867-இல் வள்ளலார் தருமசாலை தொடங்கிய வடலூர் இங்கேதான் இருக்கிறது. சிதம்பரத்தில் சேந்தனார் கதை இருக்கிறது. இனிப்பும் விருந்தும் ஒன்றாகக் கலந்த கதை. விறகு விற்றுப் பிழைக்கிறவர், தினமும் ஓர் அடியாருக்குச் சோறு போட்ட பிறகே தான் சாப்பிடுவார். ஒரு நாள் அடைமழை. விறகு நனைந்து விலைபோகவில்லை, அரிசி வாங்கக் காசில்லை. இருந்த மாவைக் கிளறிக் களி செய்கிறார். மழையில் அடியார் யாரும் வரவில்லை. பிறகு கதவு தட்டப்படுகிறது. முதியவர் ஒருவர் வந்து களியை ஆசையாக உண்டு, மிச்சத்தையும் அடுத்த வேளைக்குக் கட்டிக்கொண்டு போகிறார். மறுநாள் காலையில் கோயிலைத் திறந்தால் நடராசர் சந்நிதியெங்கும் களி சிந்திக் கிடக்கிறது. மார்கழித் திருவாதிரைக்கு அரிசியை வறுத்து உடைத்து, பாசிப்பருப்பும் வெல்லமும் தேங்காயும் நெய்யும் சேர்த்துக் களி கிளறுவது இந்தக் கதையின் நினைவாகத்தான்.

பக்கம் புரட்ட இதைவிட வாகான கதை ஏது? மழைக்கு மூன்று விரிப்பு கொடுக்கலாம். 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்த கடலூர் ஓவியர்களுக்கு மார்கழி மழை எப்படியிருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். கதவு தட்டும் ஓசை ஒரு பக்கத்தில், முதியவர் மறுபக்கத்தில். சிந்திய களிக்கு ஒரு முழு விரிப்பு, அதில் ஓர் எழுத்துகூட வேண்டாம்.

செய்ய முன்வருகிறவர்களுக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. கதையில் இருப்பவர்கள் பெரியவர்கள். டொரொண்டோ பிள்ளைகளை நினைத்தால், அந்தக் குடிசைக்குள் பசியோடு ஒரு குழந்தையை உட்கார வைத்தாக வேண்டும். முதியவர் மிச்சத்தையும் கட்டிக்கொள்ளும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை கட்டாயம் கேட்கும்: “அப்போ அந்தப் பாப்பாவுக்கு?” பதிலை எழுத்தில் சொன்னால் அது உபதேசமாகிவிடும். நான் வரைபவனாக இருந்தால், முதியவர் போன பக்கத்தில் அடுப்போரம் இருக்கும் சட்டியின் அடியில் ஒரு கை அளவு களியை ஒட்டவிட்டிருப்பேன். எழுத்து அதைப் பற்றி மூச்சுவிடாது. உற்றுப் பார்க்கிற பிள்ளை கண்டுபிடித்துக்கொள்ளும்.