பத்து நாள் கோடீஸ்வரர்

மார்க் ட்வெய்ன் பத்து நாள் கோடீஸ்வரராக இருந்தவர். நெவாடாவில் வெள்ளி தேடித் திரிந்த காலத்தைப் பற்றி அவர் எழுதிய 'ரஃபிங் இட்' (1872) நூலில் இது வருகிறது. அவரும் இரு கூட்டாளிகளும் ஒரு வெள்ளிப் படிவத்தைக் கண்டு உரிமை கோரினார்கள். அந்த வட்டாரத்து விதிப்படி பத்து நாளுக்குள் அங்கே கொஞ்சமாவது வெட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று மூவரும் ஆளுக்கொரு திசையில் போய்விட, படிவம் கைமாறிவிட்டது. ட்வெய்ன் உப்பும் காரமும் சேர்த்துச் சொல்பவர்தான். ஆனால் விதி கற்பனையல்ல.

அந்த விதியை எந்த அரசும் போடவில்லை என்பதுதான் எனக்குச் சுவாரசியம். அரசின் கை எட்டாத மலைகளில் சுரங்கக்காரர்களே கூடிப் பேசி வகுத்துக்கொண்டது. முதலில் கண்டவனுக்குப் பாத்தியதை; வேலை செய்யாதவனுக்கு இல்லை. இந்த வழக்கத்தையே அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமாக்க, 1872 மே 10 அன்று ஜனாதிபதி கிராண்ட் கையெழுத்திட்டார். அந்தச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது.

மேற்கு மாநிலங்களின் பொது நிலத்தில் (புறம்போக்கு என்றால் நமக்குச் சட்டென்று விளங்கும்), தேசியப் பூங்கா போன்ற விலக்கப்பட்ட இடங்கள் நீங்கலாக, குடிமகனோ உள்நாட்டில் பதிவான கம்பெனியோ அனுமதி கேட்காமலே தாது தேடலாம். கண்டால் 1500 அடி நீளம், 600 அடி அகலம் வரை எல்லை குறித்துப் பதிவு செய்யலாம். ஆண்டுக் கட்டணம் 200 டாலர். எடுக்கும் தங்கத்துக்கோ செம்புக்கோ மத்திய அரசுக்கு ராயல்டி ஒரு சதம் கூடக் கிடையாது. நிலக்கரியும் எண்ணெயும் 1920-இல் வேறு சட்டத்துக்குப் போய்விட்டன. அவற்றுக்குக் குத்தகையும் ராயல்டியும் உண்டு.

இன்னொரு வேடிக்கை. ஏக்கருக்கு ஐந்து டாலர் கொடுத்து நிலத்தையே சொந்தமாக்கிக்கொள்ளவும் சட்டம் இடம் தந்தது. 1994-இல் நெவாடாவில் சுமார் 1,950 ஏக்கர் பாரிக் நிறுவனத்துக்கு 9,765 டாலருக்குப் போனது. அடியில் இருந்த தங்கத்தின் மதிப்பு 1000 கோடி டாலர் என்று கணிக்கப்பட்டிருந்தது. உள்துறைச் செயலர் புரூஸ் பாபிட் நீதிமன்ற உத்தரவின் பேரில், வயிற்றெரிச்சலோடுதான் கையெழுத்திட்டார். அதே ஆண்டு அக்டோபர் முதல் காங்கிரஸ் புதிய விண்ணப்பங்களை நிறுத்தி வைத்திருக்கிறது. சட்டப்பிரிவு மட்டும் நீக்கப்படவில்லை.

கடிவாளம் பிற்பாடு வந்தது. 1976-இன் நிலச் சட்டம், நிலத்தைத் தேவையின்றிப் பாழாக்குவதைத் தடுக்கச் சொன்னது. இன்று நில நிர்வாகத் துறையின் நிலத்தில் ஐந்து ஏக்கருக்குள் துளையிட்டு ஆராய 15 நாள் முன்னறிவிப்பும் பிணைத்தொகையும் போதும். சுரங்கம் தோண்ட முழுத் திட்டமும் பிணைத்தொகையும் வேண்டும். மொன்டானாவில் பெகாசஸ் கோல்ட் 1998-இல் திவாலானபோது கட்டியிருந்த பிணை போதவில்லை. நச்சு நீரைச் சுத்திகரிக்கும் செலவு பொதுப் பணத்தின் தலையில் விழுந்தது.

ஆக, எப்படித் தோண்டுவது என்று அரசு நிபந்தனை போடலாம். தோண்டாதே என்று சொல்வதுதான் கடினம். வேண்டுமானால் முன்கூட்டியே நிலத்தை விலக்கி வைக்கலாம். 2012-இல் கிராண்ட் கேன்யனைச் சுற்றிப் பத்து லட்சம் ஏக்கரை அப்படி 20 ஆண்டுகளுக்கு விலக்கினார்கள். அப்போதும் ஏற்கெனவே செல்லுபடியாகும் உரிமைகளைத் தொட முடியாது.

2022-இல் அரிசோனாவின் ரோஸ்மான்ட் செம்புச் சுரங்க வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு ஓட்டையை அடைத்தது. தாது இல்லாத பொது நிலத்தில் கழிவுப் பாறையைக் கொட்டும் உரிமையை 1872 சட்டம் தரவில்லை என்றது. கம்பெனி அதே மலைத்தொடரின் மேற்குச் சரிவில், தன் சொந்த நிலத்தில் முதலில் தோண்டத் திட்டம் போட்டது.