மானுக்கு எந்தத் துப்பாக்கி?

சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டியில் பட்டாசு மருந்தைப் பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் ரைபிள் தோட்டாவில் இருப்பது வேறு மருந்து. அதிகம் புகையாது, குண்டை வெகுதூரம் தள்ளும்.

ஊருக்கு மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு. புள்ளிமானும் மிளாவும் உண்டு. மான் வேட்டைக்கு உரிமம் கிடைத்த காலத்தில் எந்த ரைபிளை வாங்குவார்கள்?

பலர் விரும்பியது தாழ்ப்பாள் ரைபிள். கதவுத் தாழ்ப்பாள் போன்ற கம்பியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே விழும். முன்னால் தள்ளினால் புதுத் தோட்டா ஏறும். அவ்வளவுதான்!

அடுத்தது குழலின் அளவு. பெரிதாக இருந்தால் நல்லது என்று எண்ணாதீர்கள். யானைக் குண்டு மான் இறைச்சியைச் சிதைத்துவிடும். சுடுபவரின் தோளையும் இடிக்கும். சிறு ரவையோ கொல்லாது. காயம்பட்ட மான் புதருக்குள் ஓடி, துடிதுடித்துச் சாகும். நல்ல வேட்டைக்காரர் அஞ்சியது இதற்குத்தான்.

1907-ல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்ட ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த ரிக்பி ரைபிளும் தாழ்ப்பாள் வகையே. அளவு .275 அங்குலம், சுமார் 7 மில்லிமீட்டர்! மானுக்கு அது தாராளம்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல். .303 ராணுவ அளவு, பொதுமக்களுக்குத் தடை. எனவே வங்காளத்தின் இச்சாப்பூர் அரசு ஆலை .315 அளவு ரைபிளைச் செய்தது.

1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991-ம் ஆண்டுத் திருத்தம் வேட்டை உரிமத்தையே எடுத்துவிட்டது. மலைக்காடு 1988-ல் சரணாலயம், 2021-ல் புலிகள் காப்பகம். துப்பாக்கிக்கு உரிமம் இருந்தாலும், மானைச் சுட்டால் சிறைதான்.