முடி மாற்று அறுவை சிகிச்சை யாருக்கு சரி, யாருக்கு வேண்டாம்? அட்வான்ஸ் கட்டும் முன் தெரிந்துகொள்ளுங்கள்!

"ஒரே நாள்ல முடிஞ்சிடும், வலியே இருக்காது, இஎம்ஐ வசதியும் உண்டு..." செல்போனைத் திறந்தாலே இப்படி விளம்பரங்கள். நெற்றி ஏறத் தொடங்கிய கல்லூரி மாணவர் முதல், மகன் கல்யாணத்துக்குள் சொட்டையை மறைக்க நினைக்கும் அப்பா வரை பலருக்கும் இந்த ஆசை வருகிறது. ஆனால் முடி மாற்று அறுவை சிகிச்சை எல்லோருக்கும் பொருந்தாது. முடிவெடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

புது முடி வளர்க்கிறார்களா?

இல்லை. இருக்கும் முடியைத்தான் இடம் மாற்றுகிறார்கள். ஆண்களின் பரம்பரை வழுக்கைக்கு முக்கியக் காரணம் டிஹெச்டி என்ற ஹார்மோன். பின்தலையிலும் பக்கவாட்டிலும் உள்ள முடி வேர்களை இது பெரிதாக பாதிப்பதில்லை. அந்த வேர்களை எடுத்து முன்னால் நட்டாலும் அவற்றின் குணம் மாறாது. நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959-ல் விளக்கிய இந்த விஷயம்தான் சிகிச்சையின் அடிப்படை.

பின்தலைத் தோலை பட்டையாக வெட்டி வேர்களைப் பிரிப்பது எஃப்யூடி முறை. ஒவ்வொரு வேராக எடுப்பது எஃப்யூஇ. எந்த முறையானாலும் எடுத்த இடத்தில் திரும்ப முடி முளைக்காது. அதாவது பின்தலையில் இருப்பது அளவான சேமிப்பு. ஒருமுறை தவறாக செலவழித்தால் திரும்பக் கிடைக்காது.

முடி ஏன் கொட்டுகிறது?

முதலில் தெரிய வேண்டியது இதுதான். டெங்கு, டைபாய்டு, பிரசவம், திடீர் உடல் எடைக் குறைப்பு ஆகியவற்றுக்கு 2, 3 மாதங்கள் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டலாம். பெரும்பாலும் சில மாதங்களில் அது தானாகவே சரியாகிவிடும். இரும்புச்சத்துக் குறைபாடு, தைராய்டு பிரச்னை என்றால் அதற்குத்தான் சிகிச்சை தேவை. புழுவெட்டில் உடலின் எதிர்ப்பு சக்தியே முடி வேரைத் தாக்குகிறது. எனவே நட்ட முடியும் கொட்டிப்போக வாய்ப்பு உண்டு.

பெண்கள் பலருக்கு தலை முழுவதும் முடி மெலிதாகும். பின்தலையிலும் அடர்த்தி குறைந்திருந்தால் எடுத்து நட வேர் போதாது.

20 வயதில் அவசரம் வேண்டாம்

வழுக்கை எதுவரை போகும் என்பது 20களின் தொடக்கத்தில் தெரியாது. நெற்றியில் நட்ட முடி அப்படியே இருக்கும். அதற்குப் பின்னால் உள்ள சொந்த முடி தொடர்ந்து கொட்டும். சில ஆண்டுகளில் முன்னால் மட்டும் முடி, நடுவில் சொட்டை என்ற நிலை வரலாம். அப்போது நிரப்ப பின்தலையில் வேர் மிச்சம் இருக்காது.

அதனால்தான் டாக்டர்கள் பொதுவாக முதலில் மினாக்ஸிடில், ஃபினாஸ்டிரைடு போன்ற மருந்துகளைப் பரிந்துரைக்கிறார்கள். ஃபினாஸ்டிரைடு சிலருக்கு பாலியல் ரீதியான பக்கவிளைவுகளைத் தரலாம். டாக்டர் ஆலோசனை இல்லாமல் எடுக்கக் கூடாது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் சொந்த முடியைக் காக்க மருந்தைத் தொடர வேண்டியிருக்கும்.

செய்வது யார்?

2016-ல் சென்னையில் முடி மாற்று சிகிச்சை செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அழகு சிகிச்சை என்று சொன்னாலும் இது மயக்க ஊசி போட்டு, பல மணி நேரம் நடக்கும் அறுவை சிகிச்சை. முறையான அறுவை சிகிச்சைப் பயிற்சி பெற்ற பதிவு பெற்ற மருத்துவர்களே இதைச் செய்ய வேண்டும், பயிற்சிப் பட்டறையிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்பது போதாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் தெளிவுபடுத்தியது.

கிளினிக்கில் கேட்க வேண்டியவை:

• அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் யார்? அவருடைய பதிவு எண் என்ன?
• வேர் எடுப்பதும் துளையிடுவதும் டாக்டரா, டெக்னீஷியனா?
• ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் சமாளிக்க ஆக்சிஜன், அவசர மருந்துகள் இருக்கிறதா?
• எத்தனை வேர் எடுப்பீர்கள்? பிற்காலத்துக்கு எவ்வளவு மிச்சம் இருக்கும்?

சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதய நோய் இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தாலோ மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

செலவு, காத்திருப்பு

கட்டணம் பெரும்பாலும் எத்தனை வேர் என்ற கணக்கில்தான். மருத்துவ சேவைகளுக்கு உள்ள ஜிஎஸ்டி விலக்கு, அழகுக்காகச் செய்யும் முடி மாற்றுக்கு கிடையாது. மருத்துவக் காப்பீடும் பொதுவாகக் கைகொடுக்காது. பில்லில் எல்லாம் சேர்ந்து எவ்வளவு என்று முன்பே எழுதி வாங்குங்கள்.

நட்ட முடியில் பெரும்பகுதி முதல் சில வாரங்களில் கொட்டும். இது இயல்பு, வேர் உள்ளேயே இருக்கும். 3, 4 மாதங்களில் புதிதாக முளைக்கும். முழுப் பலன் தெரிய ஓராண்டு ஆகலாம். அடுத்த மாதம் கல்யாணம் என்பவருக்கு இது உதவாது.

அப்போ யாருக்கு சரி?

பரம்பரை வழுக்கை என்று உறுதியாகி, முடி கொட்டும் வேகம் கட்டுக்குள் வந்து, பின்தலையில் நல்ல அடர்த்தி இருப்பவர்களுக்கு இது நல்ல பலன் தரும். பழைய அடர்த்தி அப்படியே வராது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

"இன்னிக்கே அட்வான்ஸ் கட்டினா ஆஃபர்" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். வேறொரு தோல் மருத்துவரிடம் கருத்து கேட்க ஒரு வாரம் எடுத்துக்கொள்வதால் எந்த நஷ்டமும் இல்லை.