வண்டியிலே வீடு, பாட்டரியிலே உயிர்!

நத்தை தன் வீட்டை முதுகிலே சுமந்துகொண்டு போகும். அமெரிக்காக்காரர்கள் தங்கள் வீட்டைக் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை எல்லாம் அடங்கிய இந்தச் சக்கர வீட்டுக்கு ஆர்.வி. என்று பெயர். லீவு விட்டால் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று குடும்பமே கிளம்பிவிடும்.

காசு கொடுத்துத் தங்கும் முகாம்களில் வண்டிக்குப் பக்கத்திலேயே ஒரு மின் கம்பம் இருக்கும். 120 வோல்ட், 30 ஆம்பியர் சப்ளை. பெரிய வண்டி என்றால் 50 ஆம்பியர். பிளக்கைச் சொருகினால் ஏ.சி. முதல் டி.வி. வரை எல்லாம் ஓடும். இந்த இணைப்புக்கு 'ஹூக்கப்' என்று பெயர்.

ஆனால் பலருக்குக் கம்பமே இல்லாத காடும் பாலைவனமும்தான் பிடிக்கிறது. மத்திய அரசின் நில நிர்வாகத் துறைக்குச் சொந்தமான திறந்தவெளியில், பெரும்பாலான இடங்களில் 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். அரிசோனா மாநிலத்துக் குவார்ட்ஸைட் ஊரைச் சுற்றியுள்ள பாலைவனத்தில் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆயிரக்கணக்கான ஆர்.வி.கள் கூடுகின்றன. இப்படித் தங்குவதை 'பூண்டாக்கிங்' என்கிறார்கள். பிலிப்பைன்ஸின் தகலோக் மொழியில் மலையைக் குறிக்கும் 'புந்தோக்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் இது.

அங்கே குடும்பத்துக்கு உள்ள ஒரே மின்சார வாரியம் 12 வோல்ட் பாட்டரிதான்!

ராத்திரி மூன்று மணிக்கு என்ன ஆகும்?

பாட்டரி தீர்ந்தால் விளக்கு அணையும், அவ்வளவுதானே என்று நினைக்க வேண்டாம். பாலைவனத்தில் பகலில் வெயில் அடித்தாலும் குளிர்கால ராத்திரியில் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிரும். வண்டியைச் சூடாக்கும் ஹீட்டர் புரோப்பேன் காஸில் எரிகிறது. ஆனால் அந்தச் சூட்டை உள்ளே தள்ளும் புளோயர் 12 வோல்ட்டில் ஓடுகிறது. புளோயர் காற்று ஒரு சின்னத் தகட்டைத் தள்ளி ஸ்விட்சைப் போட்டால்தான் காஸ் வால்வு திறக்கும். பாட்டரி வோல்டேஜ் இறங்கினால் புளோயர் மெதுவாகச் சுற்றும், தகடு நகராது, காஸ் திறக்காது. சிலிண்டர் நிறைய காஸ் இருக்கும், பிள்ளைகள் குளிரில் நடுங்குவார்கள். காஸ் கசிந்தால் கத்தவேண்டிய அலாரமும் அதே 12 வோல்ட்டில் வயர் செய்ததுதான். அதுவும் ஊமையாகிவிடும்.

ஆகவே இது சொகுசு விஷயம் இல்லை, பாதுகாப்பு விஷயம். இதற்கு என்ன வழி? "பெரிய பாட்டரி வாங்கு" என்பார்கள். அது மூன்றாவது வேலை. முதல் வேலை, ஒரு பேப்பரும் பென்சிலும் எடுப்பது.

முதல் வேலை: கணக்கு

ஆம்பியரை மணியால் பெருக்கினால் ஆம்பியர்-அவர். பழைய வண்டி ஒன்றில் நாலு பேர் குடும்பம் குளிர்காலத்தில் ஒரு நாள் செலவழிப்பதைப் போட்டுப் பார்ப்போம்.

குண்டு பல்பு 6, ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர், 4 மணி: 36
ஹீட்டர் புளோயர் 7.5 ஆம்பியர், விட்டு விட்டு மொத்தம் 6 மணி: 45
காஸ் ஃபிரிட்ஜின் கன்ட்ரோல் போர்டு 0.5 ஆம்பியர், 24 மணி: 12
தண்ணீர் பம்பு 6 ஆம்பியர், அரை மணி: 3
காஸ் அலாரம் 0.1 ஆம்பியர், 24 மணி: 2.4
12 வோல்ட் டி.வி. 2 ஆம்பியர், 3 மணி: 6
நாலு போன் சார்ஜ்: 6

மொத்தம் சுமார் 110 ஆம்பியர்-அவர்.

இப்போது வரவைப் பார்ப்போம். சின்ன வண்டிகளோடு வழக்கமாக வருவது சுமார் 80 ஆம்பியர்-அவர் உள்ள ஒரே ஒரு லெட்-ஆசிட் பாட்டரி. அதைப் பாதிக்குமேல் காலி செய்துகொண்டே இருந்தால் பிளேட்டில் சல்ஃபேட் படிந்து சீக்கிரம் செத்துப்போகும். ஆக, கைக்குக் கிடைப்பது 40. தேவையோ 110. ராத்திரி மூன்று மணி ரகசியம் இப்போது புரிகிறதா?

இரண்டாம் வேலை: சிக்கனம்

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்று நம் பாட்டிமார் சொன்னது இங்கேதான் உதவுகிறது.

ஆறு குண்டு பல்பையும் கழற்றிவிட்டு 0.25 ஆம்பியர் எல்.இ.டி. போட்டால் 36 என்பது 6 ஆகிறது. 30 மிச்சம்! அதே வெளிச்சம், அதே ஹோல்டர். ராத்திரியில் தெர்மோஸ்டாட்டை இறக்கி வைத்து, ஆளுக்கொரு கம்பளி கூடுதலாகக் கொடுத்து, கண்ணாடி ஜன்னல்களை அடைத்தால் புளோயர் செலவு 45-லிருந்து 25-க்கு வரலாம். 110 இப்போது 60 ஆகிவிட்டது. கிட்டத்தட்ட ஒரு புது பாட்டரியை பல்பு விலையிலும் கம்பளி விலையிலும் வாங்கிவிட்டோம்.

கரண்டே வேண்டாத காஸ் ஹீட்டர்களும் உண்டு. ஆனால் அவற்றில் பல, வண்டிக்குள் இருக்கும் ஆக்ஸிஜனையே எடுத்து எரிப்பவை. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்காமலும், கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமலும் தொடவே கூடாது. எரியவிட்டுத் தூங்கவும் கூடாது.

மூன்றாம் வேலை: சேமிப்பு

இப்போது பாட்டரி வாங்கலாம். குடும்பஸ்தர்கள் பல வருஷமாக நம்பியது கோல்ஃப் வண்டி பாட்டரியை. 6 வோல்ட், 225 ஆம்பியர்-அவர். இரண்டை சீரீஸில் இணைத்தால் 12 வோல்ட் கிடைக்கும். ஆம்பியர்-அவர் 225-தான், 450 ஆகாது. (பரீட்சையில் தப்பு விடுகிறவர்கள் கவனிக்கவும்!) அதில் பாதி 112. தினம் 60 செலவென்றால் கிட்டத்தட்ட இரண்டு ராத்திரி தாங்கும். ஒவ்வொன்றும் சுமார் 28 கிலோ கனம். மாதா மாதம் டிஸ்டில்டு வாட்டர் பார்க்கவேண்டும்.

புதிய ஆசாமி லித்தியம் அயர்ன் பாஸ்பேட். டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் பாதி, நஞ்சுண்டசாமி, குட்எனஃப் ஆகியோர் 1997-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்தது. ஜான் குட்எனஃப் 2019-இல் லித்தியம் அயான் பாட்டரிப் பணிக்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதன் ஒரு செல் 3.2 வோல்ட், நாலு சேர்ந்தால் 12.8. பாதியில் நிறுத்தவேண்டியதில்லை, 80 சதவீதம் தாராளமாக எடுக்கலாம். 100 ஆம்பியர்-அவருக்கு சுமார் 12 கிலோதான். அதே அளவு லெட்-ஆசிட்டில் பாதிகூட இல்லை. விலை அதிகம், ஆயுளும் அதிகம்.

ஒரு கண்டிஷன் மட்டும் உண்டு. செல்லின் வெப்பம் 0 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றக்கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெட்டுவிடும். அதைத் தடுக்கும் பாதுகாப்பு சர்க்யூட் உள்ளதா என்று பார்த்து வாங்கி, பாட்டரியை வண்டிக்கு உள்ளே வைப்பது நல்லது. வண்டியின் பழைய சார்ஜர் 13.6 வோல்ட்டோடு நின்றுவிடும் ரகமாக இருந்தால் அதையும் மாற்றவேண்டும்.

நாலாம் வேலை: நிரப்புதல்

கூரைமேல் 200 வாட் சோலார் பேனலைப் படுக்கவைத்தால், நல்ல வெயில் காலத்தில் நாளுக்கு சுமார் 55 ஆம்பியர்-அவர் கிடைக்கும். ஜனவரியில் சூரியன் தாழ்ந்து போவதால் 38 எதிர்பார்க்கலாம். செலவு 60, வரவு 38, துண்டு விழுவது 22. கோல்ஃப் பாட்டரியின் 112-ஐ 22-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஐந்து நாள்! ஒரு ராத்திரிகூடத் தாங்காத குடும்பம் ஐந்து நாள் தங்குகிறது. மர நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலே உற்பத்தி படுத்துவிடும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

"கார் ஓடும்போது ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யாதா?" என்று கேட்பீர்கள். ஓம் விதியைக் கூப்பிடுவோம். காரிலிருந்து பின்வண்டி பாட்டரிக்குப் போக 10 மீட்டர், திரும்ப 10 மீட்டர், கேபிள் 5.3 சதுர மில்லிமீட்டர் காப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.066 ஓம். 20 ஆம்பியர் போனால் வழியிலேயே 1.3 வோல்ட் காலி. 14.2 வோல்ட் கிளம்பி 12.9 வந்து சேர்ந்தால் பாட்டரி எப்படி நிரம்பும்? அதனால்தான் வோல்டேஜை மறுபடி ஏற்றித்தரும் டி.சி.-டி.சி. சார்ஜரை பாட்டரி அருகே வைக்கிறார்கள்.

மேகமூட்டமான நாளுக்கு ஜெனரேட்டர். அதைக் காலையில், பாட்டரி இறங்கியிருக்கும்போது ஓட்டவேண்டும். அப்போதுதான் கரண்ட் வேகமாக ஏறும். லெட்-ஆசிட்டின் கடைசி 20 சதவீதம் ஆமை வேகத்தில் ஏறுவது. அதை சோலாருக்கு விட்டுவிடலாம். புகையில் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு இருப்பதால், எந்த வண்டியின் ஜன்னலுக்கும் பக்கத்தில் ஜெனரேட்டரை வைக்கக்கூடாது.

ஃபியூஸ் இல்லாமல் ஒன்றும் இல்லை

மைக்ரோவேவ் ஓட்ட 2000 வாட் இன்வெர்ட்டர் வைக்கிறவர்கள் உண்டு. முழு லோடில் அது 12 வோல்ட் பக்கம் சுமார் 185 ஆம்பியர் இழுக்கும். நம் ஒர்க்‌ஷாப்பில் ஆர்க் வெல்டிங்குக்கு வைக்கிற கரண்ட்டைவிட அதிகம்! "12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது" என்று ஒல்லி வயரைப் போட்டால் ஷாக் அடிக்காது, வண்டியே எரியும். சுமார் 70 சதுர மில்லிமீட்டர் கேபிள், பாட்டரி டெர்மினலுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் ஃபியூஸ். இதில் சிக்கனம் கிடையாது.

கடைசியாக ஒரு ஷண்ட் மீட்டர். போகிற வருகிற ஆம்பியரையெல்லாம் கூட்டிக் கழித்து, இன்னும் எத்தனை மிச்சம் என்று அது காட்டும். படுக்கப் போகுமுன் அம்மா ஒரு பார்வை பார்த்தால் போதும், விடியும்வரை ஹீட்டர் ஓடுமா என்று தெரிந்துவிடும்.

நண்பர்களே, பாலைவனத்து ஆர்.வி.யானாலும் நம் வீட்டு இன்வெர்ட்டரானாலும் வரிசை இதுதான்: எண்ணு, குறை, சேமி, நிரப்பு. பெரிய பாட்டரியை விற்பது கடைக்காரர் வேலை. எவ்வளவு பெரிய பாட்டரி வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது டிப்ளமோ படித்த நம் வேலை!