ஆரம்பகால அமெரிக்கக் குடியரசில் பிரதேச முரண்பாடுகளும் வர்க்க நலன்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆரம்ப வரலாற்றை எழுதுவோர் சிலர், வடக்கு, தெற்கு என்னும் பிரிவினை இருவகை மனப்பாங்குகளின் மோதலாகக் காட்டுவர். வடபகுதியினர் வணிக ஊக்கமுடையோர் என்றும், தென்பகுதியினர் நிலப்பற்று மிக்கோர் என்றும் கூறுவர். இம்மனப்பாங்குகள் எவ்வடிப்படையிலே தோன்றின என்பதே நாம் இங்கு ஆராய முற்படும் வினாவாகும்.

1787ஆம் ஆண்டு பிலடெல்பியாவிலே அரசியல் யாப்பை வரையக் கூடிய மாநாட்டில் ஜேம்ஸ் மடிசன் ஓர் உண்மையைச் சுட்டினார். மாநிலங்களைப் பிரித்து நிற்பது அவற்றின் பருமனன்று, முதன்மையாக அடிமைமுறையே என்பது அவர் கருத்து. அவ்வாண்டிறுதியில் வெளிவந்த பத்தாவது ‘பெடரலிஸ்ட்’ கட்டுரையில், அரசியற் பிரிவுகளின் நிலையான ஊற்று சொத்தின் சமமற்ற பங்கீடே என்றும் அவர் எழுதினார். இவ்விரு கூற்றுக்களையும் இணைத்து நோக்குமிடத்து, பிரதேச வேறுபாட்டின் அடியில் உடைமை வேறுபாடு இருத்தல் புலனாகும்.

திறைசேரிச் செயலாளர் அலெக்சாண்டர் ஹமில்டனின் திட்டங்கள் இதனைத் தெளிவுபடுத்துவன. மாநிலங்களின் போர்க்கடன்களை மத்திய அரசு பொறுப்பேற்க வேண்டுமென 1790இல் அவர் முன்மொழிந்தார். கடன் பத்திரங்களை மலிவாக வாங்கிக் குவித்திருந்தோருள் வட நகரங்களின் செல்வர் பலர். தன் கடனிற் பெரும்பகுதியை ஏற்கெனவே தீர்த்திருந்த வேர்ஜீனியா எதிர்த்தது. தலைநகரைப் பொட்டோமக் நதிக்கரையில் அமைக்கும் உடன்பாட்டின் பின்னரே திட்டம் நிறைவேறிற்று.

ஆயினும், வடக்கும் ஒரே நலன் கொண்டதாய் இருக்கவில்லை. 1786-87இல் மேற்கு மசச்சூசெட்ஸின் கடன்பட்ட விவசாயிகள் டானியல் ஷேய்ஸ் முதலியோரின் தலைமையிற் கிளர்ந்தெழுந்தனர். மலைகளுக்கு அப்பால் தானியத்தைக் கொண்டுசெல்ல இயலாத மேற்குப் பென்சில்வேனியாவின் சிறு விவசாயிகள் அதனை விஸ்கியாக வடித்து விற்றனர். அதன்மீது 1791இல் விதிக்கப்பட்ட வரி 1794இல் எழுச்சிக்கு வித்திட்டது. ஏறத்தாழ 13,000 படையினர் அதனை அடக்கத் திரட்டப்பட்டனர்.

தெற்கின் நிலையோ வேறு. 1790இன் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் ஏறத்தாழ 39 இலட்சம் மக்களுள் 7 இலட்சத்தினர் அடிமைகள்; அவருட் பெரும்பாலோர் தென்மாநிலங்களில் வாழ்ந்தனர். அடிமைகளின் தொகையில் ஐந்தில் மூன்று பங்கு பிரதிநிதித்துவத்திற்காகக் கணக்கிடப்பட்டது. அவர்களுக்கோ வாக்கில்லை, அவர்தம் எண்ணிக்கையால் விளைந்த அதிகாரம் உடைமையாளரையே சேர்ந்தது. 1800ஆம் ஆண்டுத் தேர்தலிற் சிறு விவசாயியைப் போற்றிய தோமஸ் ஜெபர்சன் 73க்கு 65 என்னும் தேர்வாளர் வாக்குகளால் ஜோன் அடம்ஸை முந்தினார். அவ்வேறுபாட்டை விஞ்சும் வாக்குகளை ஐந்தில் மூன்று விதி தெற்கிற்கு அளித்திருந்தது. ஜெபர்சனும் அடிமைகளை உடைமையாகக் கொண்டவரே.

அவருடைய கட்சியிலே தென்பெருந்தோட்ட உடைமையாளரும் வடபகுதிச் சிறு விவசாயிகளும் கைவினைஞரும் இணைந்து நின்றமை மனங்கொளத்தக்கது. வர்க்க நலன்கள் கட்சிகளில் நேர்கோடாகப் பிரதிபலிப்பதில்லை. பொது எதிரியை முன்னிட்டு முரண்பட்ட நலன்களும் தற்காலிகமாக ஒன்றுசேரும். 1793இல் எலி விட்னி அமைத்த பருத்தி கடையும் பொறி அடிமை உழைப்பின் இலாபத்தைப் பெருக்க, அவ்வொற்றுமை நிலைகுலையலாயிற்று. புதிய நிலங்களில் அடிமைமுறையை அனுமதிப்பதா என்பதே 1820இன் மிசூரி இணக்கத்திற்குக் காரணமாயிற்று. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, அது சுங்கத் தீர்வை பற்றிய பிணக்கே என்ற வாதத்தைக் கார்ல் மார்க்ஸ் மறுத்து, அடிமைமுறையே அதன் மையமென எழுதினார்.

எனவே, பிரதேசத்தின் பெயராற் பேசப்படும் அரசியலை ஆராய்வோர், அப்பிரதேசத்தில் யாருடைய உழைப்பு, யாருடைய உடைமையாகின்றது என்பதனை முதலில் வினவுதல் வேண்டும். ‘தெற்கின் உரிமை’ எனப்பட்டது தெற்கில் வாழ்ந்த அடிமைகளின் உரிமையாக ஒருபோதும் இருக்கவில்லை.